டீசல் தொட்டிக்கு வைத்த சீல்

சீல்காரம்மா கணவரை இடது பக்கமாகப் புரட்டி, முதுகுக்கு ஒரு தலையணையை முட்டுக்கொடுத்துவிட்டு, அவருடைய வலது குதிகாலை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கவாதத்தில் படுத்தவர்களுக்கு இடுப்புக்கு அடுத்தபடி கெடுவது குதிகால். சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பயமில்லை. அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே நின்றால் அன்றைக்கே கவனித்தாக வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது. அழுத்தினாள். வெளுத்தது, சிவந்தது. களிம்பைத் தடவி, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தாள்.

“காலு இருக்கா?” என்றார் கணவர், கோணிய வாயால்.

“இருக்கு. ரெண்டும் இருக்கு.”

“எனக்கு ஒண்ணுதான் தெரியுது. இன்னொண்ணை உன் கப்பல்ல தேடிப் பாரு.”

முந்தைய நாள் அந்தக் கப்பலில் இன்னொருவருடைய காலைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். கட்டைவிரல் கறுத்திருந்தது. சிவப்பு கணுக்கால் வரைக்கும் ஏறியிருந்தது, அழுத்தினால் வெளுக்கவில்லை.

நாத்தனார் செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தாள். பகலில் அண்ணனைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. வாய் கொஞ்சம் அதிகம், ஆனால் வேலையில் குறை வைக்க மாட்டாள்.

“இன்னைக்கும் அதே கப்பலா, அண்ணி?”

“அதேதான். வெச்ச சீலெல்லாம் அப்படியே இருக்கான்னு தினம் பாக்கணுமே.”

“அந்தப் பம்புக்காரர் காலைப் போய் கழுவிக்கிட்டு நிக்காதீங்க. உங்களுக்கு வீட்லயே வேண்டிய மட்டும் இருக்கு. சீல் வெக்கிற வேலைக்குத்தானே சம்பளம்?”

“கஞ்சியைக் கெட்டியா குடுக்காதே, பொறை ஏறும்” என்று மட்டும் சொல்லிவிட்டு சீல்காரம்மா காக்கிச் சட்டையை மாட்டினாள்.

கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவர் விழுந்தபின் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்று இவளைக் கூப்பிட்டார்கள். படிப்பு அதிகம் இல்லை, எழுத்து வேலை தர முடியாது, தூக்குகிற வேலைக்கு வயது மீறிவிட்டது. கடைசியில் சரக்குக் காவல் பிரிவில் சீல் வைக்கிற வேலையை அவள் தலையில் கட்டினார்கள். பிடித்து வைத்த சரக்கின் கதவிலும் மூடியிலும் வால்விலும் கம்பியைக் கோத்து, எண் போட்ட சீலை மாட்டி, இடுக்கியால் அழுத்த வேண்டும். அழுத்தியபின் கம்பியைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அவள் வைத்த சீல் ஒன்றுகூட இதுவரை தானாக அவிழ்ந்ததில்லை. துறைமுகத்தில் அது எல்லாருக்கும் தெரியும். சொந்தப் பெயரை மறந்துவிட்டு சீல்காரம்மா என்றே கூப்பிட்டார்கள்.

இந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. சீல் வைக்க ஒரு ஆள் போதும், ஒரு நிமிடம் போதும். எடுக்க வேண்டுமென்றால் ஆபீசர், அவருக்கு மேலே உள்ளவர், நீதிமன்றம் என்று ஊரே கையெழுத்துப் போட வேண்டும். அதனால் சீல் வைக்கிறவர்களிடம் இடுக்கி இருக்கும், வெட்டுக் கத்தி இருக்காது.

கப்பல் கதை இது. ஒரு நாட்டின் எண்ணெயை இனி யாரும் வாங்கக் கூடாது, ஏற்றக் கூடாது என்று பெரிய நாடுகள் சேர்ந்து தடை போட்டிருந்தன. தடை போட்டால் விற்பது நின்றுவிடுமா? விலை குறைந்தது, உடைக்கப்போகிற பழைய கப்பல்களுக்குக் கிராக்கி கூடியது. அப்படி ஒரு கிழட்டுக் கப்பல் பின்புறத்தில் பெயரை அழித்து வேறு பெயர் எழுதிக்கொண்டு அந்த எண்ணெயோடு வந்தது. புதுப் பெயருக்கு அடியில் பழைய பெயரின் எழுத்துகள் மேடு தட்டித் தெரிந்தன. கடற்படை மடக்கியது. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட வைத்தார்கள். அதிகாரிகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எண்ணெய் முதலாளி என்று தேடினால் ஏதோ ஒரு தேசத்தில் ஒரு பெயர்ப்பலகையும் எடுக்கப்படாத தொலைபேசியும்தான் இருந்தன. மாட்டிக்கொண்டது உள்ளே இருந்த பத்துப் பன்னிரண்டு மாலுமிகள். வழக்கு முடிகிறவரை கப்பலை விட்டு இறங்கக் கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு.

கப்பல் பிடிபட்ட அன்று சரக்கு எண்ணெய்த் தொட்டிகளுக்கு சீல் வைக்கச் சொல்லி சீல்காரம்மாவை ஏற்றினார்கள். மாலுமிகளை மேல்தளத்தில் காவலில் உட்கார வைத்திருந்தார்கள், கேட்க ஆள் இல்லை. எல்லாத் தொட்டிகளையும் முடித்தபின் அவள் என்ஜின் அறைக்கும் இறங்கி, டீசல் தொட்டியின் வால்வுக்கும் ஒரு சீல் வைத்துவிட்டு வந்தாள். யாரும் சொல்லவில்லை. கை பழகிய பழக்கம். கடத்தல் படகைப் பிடித்தால் முதல் சீல் டீசலுக்குத்தான். இல்லாவிட்டால் விடிவதற்குள் படகு பறந்துவிடும். ஆனால் படகில் யாரும் குடியிருப்பதில்லை. கப்பலில் குடியிருக்கிறார்கள். விளக்கும் குளிர்பெட்டியும் குடிதண்ணீர் பம்பும் அந்த டீசலில்தான் ஓடுகின்றன. அது அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியபோது சீல் எண்களின் பட்டியல் நீதிமன்றத்துக்குப் போய்விட்டிருந்தது.

ஜெனரேட்டருக்கு ஊட்டும் சின்னத் தொட்டியில் மிச்சமிருந்த டீசலை மாலுமிகள் அளந்து அளந்து எரித்தார்கள். அவசர ஜெனரேட்டரின் டீசலும் உயிர்காப்புப் படகின் டீசலும் தீர்ந்தன. லட்சக்கணக்கான பீப்பாய் எண்ணெயின் மேல் உட்கார்ந்துகொண்டு டார்ச் வெளிச்சத்தில் ரொட்டி தின்றார்கள். வெளியிலிருந்து டீசல் விற்கவும் ஆள் இல்லை. தடை செய்த கப்பலுக்கு விற்றால் தன் கணக்கை வங்கி முடக்கிவிடும் என்று ஒவ்வொரு கடைக்காரனும் கையை விரித்தான். துறைமுகம் ரொட்டியும் அரிசியும் தண்ணீர்க் கேனும் மட்டும் அனுப்பியது. மாலுமிகளில் எண்ணெய்ப் பம்புகளை ஓட்டும் பம்புக்காரர் சர்க்கரை நோயாளி. குளிர்பெட்டி நின்றதும் அவருடைய இன்சுலின் இரும்புக் கூண்டின் வெக்கையில் கெட்டுப்போனது. தெரியாமல் அதையே போட்டுக்கொண்டிருந்தார். காலில் தகடு கிழித்த காயம் ஆறவில்லை.

சீல்காரம்மா ஆபீசரிடம் போய் நின்றாள்.

“சார், அந்த டீசல் சீல் என் தப்பு. உத்தரவுல இல்லாததை வெச்சுட்டேன். எடுத்துடலாம் சார்.”

ஆபீசர் கெட்டவர் இல்லை. வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “தப்பா சீல் வெச்சோம்னு நாம ஒரு வரி எழுதினா போதும்மா. ஒண்ணு தப்புன்னா எல்லாமே தப்புன்னு எண்ணெய்க்குன்னு மட்டும் வந்திருக்கிற அவங்க வக்கீல் கோர்ட்ல நிப்பான். கப்பலையே ஓட்டிட்டுப் போயிடுவான். அனுமதி கேட்டு எழுதியிருக்கேன். வரட்டும்.”

எழுதினது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. அவள் மருந்துக்கடையில் கணவர் பெயரைச் சொல்லி இன்சுலின் வாங்கி, பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அது சர்க்கரையை வேண்டுமானால் கொஞ்சம் இறக்கியிருக்கும். கறுத்த விரலை வெளுப்பாக்காது.

கணவரை நாத்தனாரிடம் விட்டுவிட்டுக் கிளம்பிய அன்று காலை காற்று பலமாக இருந்தது. அவளை மோட்டார் படகில் கப்பலுக்குக் கொண்டுபோகிற லாஞ்சுக்காரர் வழக்கம்போல வாயை மூடவில்லை.

“வித்தவன் அங்க நல்லா தூங்குறான். வாங்க வந்தவன் வேற கப்பல் பாத்துட்டான். பம்பு அடிச்ச ஆளு காலு அழுகிக் கிடக்குறாரு. தடைன்னா இதுதானாக்கா?”

“அலையைப் பாத்து ஓட்டுங்க. என்னைத் தண்ணியில தள்ளிட்டு அப்புறம் நியாயம் பேசலாம்.”

மின்சாரம் இல்லாததால் கப்பலின் படிக்கட்டை இறக்க முடியாது. கயிற்றேணிதான். அவள் மூச்சு வாங்க ஏறி மேலே தலையை நீட்டியதும் என்ஜினியர் கை கொடுத்தார். முகத்தில் ஒரு வணக்கம்கூட இல்லை.

“வந்து பாருங்க, உங்க சீல் பண்ணின வேலையை.”

பம்புக்காரரை நடைபாதையில் நிழல் பார்த்துப் படுக்க வைத்திருந்தார்கள். ஆள் நல்ல ஆகிருதி. மூச்சு ஆழமாக, வேகமாக ஓடியது. குனிந்தாள். அழுகப்போகிற பழத்தின் வாடை வந்தது. இந்த வாடையைக் கணவரோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அடுத்த கட்டிலில் பிடித்திருக்கிறாள். அந்தக் கட்டில் மறுநாளே காலியானது. சிவப்பு முழங்காலைத் தாண்டியிருந்தது.

“தண்ணி” என்றார் பம்புக்காரர். குடித்ததும், “சீலம்மா, என் காலுக்கும் ஒண்ணு வெச்சுடுங்க. விரல் ஒண்ணொண்ணா கழண்டு ஓடப் பாக்குது” என்றார்.

“பேசாம படுங்க. இன்னைக்கு ஆஸ்பத்திரிதான்.”

வாக்கிடாக்கியில் ஆபீசரைப் பிடித்தாள். அவர் உடனே சரி என்றார். நோயாளியை இறக்க நீதிமன்றத்தைக் கேட்க வேண்டியதில்லை, ஆம்புலன்சைத் துறையில் நிறுத்துகிறேன் என்றார். ஆனால் இறக்குவது எப்படி? நடக்க முடியாத ஆளுக்குக் கயிற்றேணி ஆகாது. பலகையில் கட்டிக் கயிற்றால் இறக்கிப் பார்த்தார்கள். கப்பல் ஆடியது, பலகை சுழன்று பக்கவாட்டுத் தகட்டில் மோதியது. அவர் போட்ட சத்தத்தில் திரும்ப மேலே இழுத்துவிட்டார்கள். உயிர்காப்புப் படகை இறக்கும் கப்பிகள் துருவேறி இறுகிக் கிடந்தன. கப்பலின் சின்ன கிரேனால் தூக்கி, தகட்டை விட்டுத் தள்ளி நேராக லாஞ்சில் இறக்கலாம். அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு டீசல் வேண்டும். டீசல் அவளுடைய சீலுக்குப் பின்னால் இருந்தது. கப்பலை அணைத்து நின்று ஆளை வாங்கிக்கொள்ளச் சொல்லி இழுவைப்படகுக்காரர்களை ஆபீசர் கேட்டார். தடைசெய்த கப்பலில் உரசினால் எங்கள் படகுக்குக் காப்பீடு கிடையாது என்று நழுவிவிட்டார்கள்.

“சார், சீலை வெட்டினாதான் ஆவும்.”

“கை வெக்காதீங்கம்மா. மேல கேட்டுட்டு இருக்கேன். நான் சொல்ற வரைக்கும் வால்வைத் தொடாதீங்க. வேலை மட்டும் போகாது, கேஸே போடுவாங்க.”

மேலே உள்ளவர் கூட்டத்தில் இருந்தார். பிடிபட்ட எண்ணெயைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள், அவர்களோடு கூட்டம்.

அவள் காத்திருந்தாள். வீட்டில் படுத்திருப்பவரின் கஞ்சியும் மருந்தும் இந்த வேலையில்தான் ஓடுகின்றன என்பது அவளுக்குத் தெரியும். ஈரத்துணியால் பம்புக்காரரின் நெற்றியைத் துடைத்தாள், உதட்டை நனைத்தாள், நிழல் நகர நகர ஆட்களை விட்டு அவரையும் நகர்த்தினாள். என்ஜினியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளையே முறைத்தார்.

“உங்க கைக்கு அன்னைக்கு அவ்வளவு அவசரம். இன்னைக்கு என்னம்மா ஆச்சு?”

வாக்கிடாக்கியை அமுக்கினாள். “கூட்டம் முடியலம்மா” என்றது. பொழுது சாய ஆரம்பித்தது. மறுபடி அமுக்கினாள். அதே பதில்.

காலையிலிருந்து தண்ணி, தண்ணி என்று கேட்டுக்கொண்டே இருந்த பம்புக்காரர் கேட்பதை நிறுத்திவிட்டார். தாகம் தீர்ந்து நிறுத்துவது வேறு, இது வேறு. உள்ளங்கையைக் கிள்ளினாள், கையை இழுக்கவில்லை. எழுந்தாள்.

“வெட்டுக் கத்தி இருக்கா?”

என்ஜினியர் ஓடிப்போய் நீளக் கைப்பிடி போட்ட கம்பி வெட்டியைக் கொண்டுவந்தார். டார்ச்சோடு என்ஜின் அறைக்கு இறங்கினார்கள். உள்ளே அடுப்பங்கரைச் சூடு. வால்வின் முன்னால் அவர் தயங்கினார்.

“நான் வெட்ட மாட்டேன். வெட்டினா என்னை உள்ள போட்டுருவாங்க.”

“உங்களை யாரு வெட்டச் சொன்னது? டார்ச்சை நேரா பிடிங்க.”

வயதான கைக்கு அது லேசில் அறுபடவில்லை. அவள் வைத்த கம்பி அல்லவா. உடம்பு எடையைப் போட்டு அழுத்திய பிறகுதான் டப்பென்று விட்டது. அறுந்த சீலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். மாலுமிகள் மாறி மாறிக் கைப்பம்பை அடித்துச் சின்னத் தொட்டிக்கு டீசல் ஏற்றினார்கள். ஜெனரேட்டரைக் கிளப்பப் பாட்டிலில் அழுத்தி அடைத்த காற்று ஒரே ஒரு முறைக்குத்தான் மிச்சம் என்றார் என்ஜினியர். கைப்பிடியைத் திருப்பினார். அது இருமியது, திணறியது, பிடித்துக்கொண்டது. விளக்குகள் எரிந்தன. ஒருவரும் கை தட்டவில்லை. மேலே ஓடினார்கள்.

கிரேன் பம்புக்காரரைப் பலகையோடு தூக்கிப் பூப்போல லாஞ்சில் இறக்கியது. காலையில் செய்திருக்க வேண்டிய வேலை. துறையில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது, கூடவே ஆபீசரும். அவள் அறுந்த சீலை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“நான்தான் வெட்டினேன். நீங்க வேணாம்னு சொன்னீங்க. அதையும் சொல்லிடறேன்.”

அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “வீட்டுக்குப் போங்க. காலையில வாங்க” என்றார்.

வீட்டில் கேட்டதும் நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். “அண்ணி, உங்களுக்கென்ன பைத்தியமா? இவரை எதை வெச்சுக் காப்பாத்துவீங்க? நான் அப்பவே சொன்னேனா இல்லையா?”

“சொன்னே.”

கணவர் முகத்தை அவள் பக்கம் திருப்பினார். “கிரேன் ஓட்டினது யாரு? ஆட்டாம இறக்கினானா?” என்று கேட்டார்.

“ஆட்டல.”

“அது போதும்” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் கணவரின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பம்புக்காரர் பிழைக்கவில்லை. காலை எடுக்கக்கூட உடம்பில் தெம்பு இல்லை, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது, சில மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார்கள். அவள் கேட்டுக்கொண்டாள். துடைப்பதை முடித்து, பவுடர் போட்டு, துணி மாற்றி, மறுபக்கம் புரட்டிவிட்டு, கைகழுவிக்கொண்டு கிளம்பினாள்.

ஆபீசர் தூங்கின முகமாக இல்லை. மேசையில் ஒரு புதுச் சீல் இருந்தது.

“துரு ஏறி கம்பி அறுந்துபோச்சு, பார்த்தவுடனே புதுசு வெச்சோம்னு எழுதிடறேன். மத்தியானத்துக்குள்ள இது அந்த வால்வுல இருக்கணும். இருந்துட்டா உங்க மேல ஒண்ணும் வராது.”

“அந்த ஆளு செத்துட்டாரு சார்.”

“தெரியும்மா.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். “சவக்கிடங்குல வெச்சிருக்காங்க. யாரு கையெழுத்துப் போட்டு எடுக்கிறதுன்னு தெரியல. முதலாளி இல்ல, ஏஜென்ட் இல்ல.”

சவக்கிடங்கில் குளிர் நன்றாக ஓடுகிறது, அதற்கு யாரும் சீல் வைக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. முடியாது என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாள். இவளை அனுப்பிவிட்டு வேறு ஆளைச் சீலோடு அனுப்புவார்கள். அந்த ஆள் போனதும் வைத்துவிட்டு இறங்கிவிடுவான். கப்பல் பழையபடி இருட்டாகும், இங்கே வீட்டில் கஞ்சியும் நிற்கும்.

“சரி சார், வைக்கிறேன்” என்று சீலை எடுத்துக்கொண்டாள். “லாஞ்சை மட்டும் இப்பவே குடுங்க.”

கப்பலில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சாவுச் செய்தி அவளுக்கு முன்னாலேயே வாக்கிடாக்கியில் போய்ச் சேர்ந்திருந்தது. சமையல்காரர் ஒரு மூலையில் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவள் கையில் சீலைப் பார்த்ததும் என்ஜினியர் வழியை மறித்தார்.

“மனுஷிதானா நீங்க?”

“திட்டறதை அப்புறம் வெச்சுக்கங்க, நேரம் இல்ல. மத்தியானம் வரைக்கும் வால்வு திறந்திருக்கும். சின்னத் தொட்டியை வாய் வரைக்கும் நிரப்புங்க. காத்து பாட்டிலையும் நிரப்புங்க. காலி பீப்பாய் எத்தனை இருக்கு? எல்லாத்தையும் உருட்டிட்டு வாங்க. உயிர்காப்புப் படகுல தொட்டி இருக்குமே, அதையும்.”

என்ஜினியர் கீழே பார்த்துக் கத்தினார். ஆட்கள் ஓடினார்கள். சமையல்காரரும் எழுந்து பெரிய சமையல் அண்டாவை இழுத்துவந்தார்.

“அது வேணாம்யா” என்றார் என்ஜினியர். “அப்புறம் கஞ்சியெல்லாம் டீசல் நாறும்.”

“இப்ப மட்டும் மணக்குதாக்கும்.”

கேப்டன் பயந்த மனிதர். அருகில் வந்து, “இதெல்லாம் சட்டப்படி சரியாம்மா?” என்றார்.

“என்னைச் சீல் வைக்கத்தான் அனுப்பினாங்க. வைக்கிறதுக்கு முன்னாடி நீங்க என்ன பண்ணணும்னு யாரும் ஒண்ணும் சொல்லல.”

வால்வுக்கு எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பம்பு ஓடியது. பீப்பாய்கள் ஒவ்வொன்றாக நிறைந்து மூடியோடு ஓரத்துக்கு நகர்ந்தன. குளிர்பெட்டிக்கும் தண்ணீருக்கும் மட்டும் ஓட்டினால் மழைக்காலம் முடியும்வரை தாங்கும் என்று என்ஜினியர் சொன்னார்.

“அப்புறம்?” என்று கேப்டன் கேட்டார்.

நிரப்ப இடம் எதுவும் மிச்சமில்லை என்றானதும் என்ஜினியரே வால்வை மூடினார். அவள் கம்பியைக் கோத்து, சீலை மாட்டி, இடுக்கியால் அழுத்தி, ஒரு இழு இழுத்துப் பார்த்தாள். நின்றது. மேலே வந்து பம்புக்காரரின் துணிமணிகளைக் கேட்டாள். சவக்கிடங்கில் வெறும் உடம்பாகக் கிடப்பார், போகிற வழியில் ஒரு நல்ல சட்டையாவது கொடுத்துவிடலாம் என்றாள். சமையல்காரர் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப்போனார்.

மின்சாரம் இருந்ததால் படிக்கட்டை இறக்கினார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதில் இறங்கினாள். அவள் லாஞ்சில் கால் வைத்ததும் படிக்கட்டை மேலே இழுத்துக்கொண்டு ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். அன்றைய பங்கு டீசல் அவ்வளவுதான்.